எண்ணிக்கை குறைந்தால் போதுமா?

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் இரண்டு தத்துப்பூச்சிகள் உண்டு. மேற்கத்தியத் திராட்சைத் தத்துப்பூச்சி 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி அதைப்போல் நான்கு மடங்கு நீளம். இரண்டின் முட்டைக்குள்ளும் தம் முட்டையை இட்டு அழிக்கும் நுண்குளவிகள் ஒரே குடும்பத்தவை. ஆனாலும் ஒன்றை அடக்கும் வழி மற்றதற்குப் போதாது.

காரணம், அவை உண்ணும் விதம். சிறியது இலைச் செல்களை உறிஞ்சுகிறது. இலை வெளிறும், கொடி ஓரளவு தாங்கும். எனவே இலையைத் திருப்பிக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். வைன் திராட்சையில் இலைக்குச் சுமார் 15 வரை பொறுக்கலாம். அப்படியே தின்னும் பழத்தில் எச்சக் கறை படியும் என்பதால் வரம்பு குறைவு. முட்டைகளையும் பார்க்க வேண்டும்: இதன் முட்டையைத் தாக்கும் அனாகிரஸ் என்ற நுண்குளவி புகுந்த முட்டை சிவந்திருக்கும். சிவந்தவை மிகுந்தால் மருந்தடிக்க அவசரப்பட வேண்டாம். அடித்தால் குளவியும் சாகும்.

பெரியது கொடியின் நீர்க்குழாய்ச் சாற்றைக் குடிக்கிறது; குடிக்கும்போதே சைலெல்லா பாக்டீரியாவைக் கொடிக்குக் கொடி கடத்துகிறது. அதனால் வரும் பியர்ஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் டெமெக்குலாவில் தோட்டம் தோட்டமாகக் கொடிகள் காய்ந்தன. ஆகவே இதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, ஒரு பூச்சி சிக்கினாலும் எச்சரிக்கையாகிறார்கள்.

குளவியின் பலமும் இடத்துக்கு இடம் வேறு. சிறிய தத்துப்பூச்சி குளிர்காலத்தை வளர்ந்த பூச்சியாகவே கழிப்பதால், அனாகிரஸுக்கு அப்போது முட்டை கிடைக்காது. ஆற்றோர பிளாக்பெர்ரிப் புதர்களில் வாழும் வேறொரு தத்துப்பூச்சியின் முட்டைகளில் அது தங்குவதை 1960களில் டவுட், நகாட்டா என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிரெஞ்சு பிளம் மரங்களும் அதற்குப் புகலிடம் என்று பின்னர் தெரிந்தது. காற்று வரும் பக்கம் அவற்றை நட்டால், வசந்தத்தில் குளவி தோட்டத்துக்கு முன்கூட்டியே வந்துசேரும்.

கண்ணாடிச் சிறகுப் பூச்சி மண்டிக்கிடந்த டஹிட்டித் தீவில் 2005இல் அதன் முட்டையைத் தாக்கும் ஆஷ்மீடி என்ற நுண்குளவியை விட்டார்கள். ஓராண்டுக்குள் பூச்சி 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அங்கே பெருக்கமே தொல்லை. ஆகவே அது முழு வெற்றி. கலிபோர்னியாவிலும் அதே குளவி உழைக்கிறது. ஆனால் அதனிடம் தப்பிய சிலவே நோயைப் பரப்பப் போதும். எனவே பூச்சி குளிர்காலம் கழிக்கும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளில் மருந்திடுவதும், நோயுற்ற கொடிகளைப் பிடுங்குவதும் உடன் நடக்க வேண்டியிருக்கிறது.

குளவியால் முடியும் வேலை எண்ணிக்கையைக் குறைப்பது. சேதம் எண்ணிக்கையால் வருமிடத்தில் அதை நம்பி, புகலிடம் கொடுத்து, மருந்தைத் தள்ளிவைப்பதே நல்ல வேளாண்மை. நோயால் சேதம் வருமிடத்தில் அதைத் தனியே போராட விட்டுப் பின்னர் பழிப்பது நியாயமில்லை.