ஊசுட்டேரியும் நீர்ப்புள் காவலும்

புதுவை நிலப்பகுதியின் வேளாண்மை ஏரிகளைச் சார்ந்து வளர்ந்தது. அங்குள்ள 84 ஏரிகளுள் பெரியன ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் ஆகும். பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூரை அடைகின்றது. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் வழங்கப்பெறும் சங்கராபரணியின் நீர், திருக்கனூரை அடுத்த சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரியை நிறைக்கின்றது. ஆதலின் ஊசுட்டேரிப் பறவைகளின் வரலாற்றை ஏரிக்கரையினின்று தொடங்குதல் பொருந்தாது; மேற்கே ஆற்றினின்றே தொடங்குதல் வேண்டும்.

சங்கச் சான்றோர் நாரையையும் குருகையும் வயலோடும் கழியோடும் சேர்த்தே பாடினர். அப்புட்பெயர்கள் எவ்வெப் பறவைகளைக் குறிப்பன என்பதை உயிரியல் கண்கொண்டு ஆராய்ந்த பி. எல். சாமி புதுவையில் ஆட்சிப் பணி புரிந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தகும். இலக்கியப் புள்ளை அறிய வயற்புள்ளை அறிதல் வேண்டும் என்பதற்கு அவர்தம் நூல் சான்றாகும். வயற்புள் மறையின் நம் உரைகளும் வெறுஞ்சொல்லாய் நின்றுவிடும்.

காவல் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டனர். 1790-களில் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்கட்குக் கவுலாக வழங்கினார். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. அருள் ஒன்றே அவ்வூராரை இயக்கிற்று என்று கூறுவது மிகையாகும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் நெல்லுக்கு உரமாவதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பயனும் பரிவும் பிரியாது நின்றமையாலேயே அக்காவல் நிலைத்தது என்பது எம் கருத்து.

அவ்வேரியைப் பல்லாண்டு நோக்கி எழுதியவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய அவர், 1950 முதல் தம் இறுதி நாள்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைக் குறிப்புகள் வரைந்தார், தமிழிலும் எழுதினார். முதுமையில் அவரை வருத்திய செய்தி, விலங்கும் பறவையும் குறைந்தது மட்டுமன்று. அவற்றுக்கு உறைவிடமான நாட்டுச் செடிகொடிகள் அழிய, அயல்மரங்கள் அவ்விடத்தை நிரப்பியதுமாகும். மரம் நட்டாலே இயற்கையைக் காத்தோம் என்று எண்ணும் இக்காலத்தார்க்கு அவர் கூற்று கசப்பாகவே இருக்கும்.

இனி ஊசுட்டேரிக்கு வருவோம். இதன் பரப்பு ஏறத்தாழ 800 எக்டேர்; பாதி புதுவைக்கும் பாதி தமிழகத்து விழுப்புர மாவட்டத்திற்கும் உரியது. புதுவை அரசு தன் பகுதியாகிய 390 எக்டேரை 2008-இல் பறவைகள் காப்பகம் என அறிவித்தது. தமிழகம் தன் பகுதியைப் பின்னரே அவ்வாறு அறிவித்தது. நீர் ஒன்று, பறவை ஒன்று, ஆணைகளோ இரண்டு. பிந்திய ஆணை வரும்வரை, நாரை ஏரியின் ஒரு பாதியில் காப்புடையதாகவும் மறுபாதியில் காப்பற்றதாகவும் இருந்தது.

எனினும் பெருங்குறை வேறொன்று. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் உழவர் ஏரிமடையை நோக்கியிருக்கும் நிலை தளர்ந்தது. மடையை வேண்டாதார் வரத்துக்காலைத் தூர்வார முனைவதில்லை. வேடந்தாங்கலாரைக் காவலராக்கிய பயன் இங்கு நழுவுகின்றது. நீர்ப்பறவை கூடுகட்டுவது ஏரி மரத்தில் எனினும், இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் குட்டையிலுமாம். இதனை உணர்ந்தே வேடந்தாங்கலில் 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை காப்பெல்லை வகுக்கப்பட்டது. 2020-இல் அதனை 3 கிலோமீட்டராகச் சுருக்க எழுந்த முயற்சி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஊசுட்டேரிக்கோ அறிவிக்கப்பட்ட பரப்பு ஏரியளவே. வயல் மனையாயின் தடுப்பார் யார்? சுத்துக்கேணி வாய்க்கால் தூர்ந்தால் எவ்வாணை அதனைத் திறக்கும்?