15 படுக்கைகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். என்ஜினீயர்தானே, பாலம், அணைக்கட்டு என்று ஏதாவது எழுதுவான் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப் போவதோ ஆஸ்பத்திரிப் படுக்கைகளைப் பற்றி. டாக்டர்கள் மன்னிக்கவும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கூரம் என்றதும் பலருக்குக் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். சரித்திரம் படிக்கிறவர்களுக்குக் கூரம் செப்பேடு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் கொடுத்த கொடையை அது சொல்கிறது. மொத்தம் 25 பங்கு. கோயில் பூஜைக்கும் பராமரிப்புக்கும் 3. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க 1. பாரதம் வாசிக்க 1. மீதி 20 பங்கும் நான்கு வேதம் கற்ற 20 பேருக்கு. ஏரிக்குப் பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டிய சேதியும் உண்டு. என்னைப் போன்றவனுக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது ஒரு பெருமை! ஆனால் வைத்தியனுக்கென்று ஒரு பங்கு அதில் இல்லை.

அந்தக் குறை ஏறக்குறைய 400 வருஷம் கழித்து, இதே காஞ்சி வட்டாரத்தில் தீர்ந்தது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடலில் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1069. அங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, இருந்தது. படுக்கை 15. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், மருந்து கொடுத்துக் கவனிக்கப் பெண்கள், நாவிதர், தண்ணீர் வைப்பவர் என்று எல்லாரும் கணக்கில் வருகிறார்கள். இரவில் எரிய விளக்கு, நோயாளிக்குத் தினம் ஒரு நாழி அரிசி, ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டிய மருந்துகள் (தசமூலஹரீதகி, கல்யாணலவணம் என்று பட்டியல் நீள்கிறது) எதையும் விடவில்லை. இன்றைய எஸ்டிமேட் போடுகிறவர்கள் பார்த்துக் கற்கலாம். சம்பளத்தில் மட்டும் ஏற்றத்தாழ்வு பலம்தான்: வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், கத்தி பிடித்தவருக்கு 30 கலம். கவனித்துக்கொண்ட பெண்களுக்கு அதிலும் குறைவு.

சரி, அந்த 15 படுக்கையில் யார் படுத்தார்கள்? கோயிலை ஒட்டி நடந்த வேத பாடசாலை மாணவர்கள், கோயில் பணியாளர்கள். கல்வெட்டு சொல்வது அவ்வளவுதான். வயலில் உழைத்தவனுக்கும் தறியில் உட்கார்ந்தவனுக்கும் படுக்கை எழுதப்படவில்லை. 11ஆம் நூற்றாண்டில் இப்படி ஓர் ஏற்பாடா என்று மேடையில் பெருமைப்படுகிறோம், நானும் படுகிறேன். ஆனால் பட்டியலில் யார் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா?

படுக்கைப் பஞ்சம் நம் பாட்டனார் காலம்வரை தொடர்ந்தது. காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் ஆரம்பித்தார். நல்ல காற்று, ஓய்வு, சத்தான ஆகாரம், அதுதான் அன்றைய வைத்தியம். படுக்கைகளைவிட நோயாளிகள் பல மடங்கு. அப்படியே இடம் கிடைத்தாலும் மாதக்கணக்கில் படுத்திருக்க யாரால் முடியும்? காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நெய்த சேலைக்குத்தான் கூலி. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். ஆலைத் தொழிலாளிக்கு 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, வீட்டுத் தறிக்காரருக்கு அதில் இடமில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து, ஒரு வருஷம் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேல். வீட்டிலோ நெரிசலும் அரைவயிறும். 1959இல் முடிவு வெளிவந்தபோது குணமானவர்கள் விகிதம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவுமில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று திடீரென்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பல நாடுகள் சானடோரியங்களை மூட இந்த ஆராய்ச்சி காரணமாயிற்று. பணமில்லாதவனுக்குப் படுக்கை தேடுவதை விட்டு, படுக்கையே வேண்டாத வைத்தியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

கதை அத்தோடு முடியவில்லை. 1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியத் திட்டம், வாரம் மூன்று நாள் நோயாளியை வரவழைத்துக் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைத்தது. நோக்கம் நல்லதுதான், பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். ஆனால் கூலிக்காரருக்கு வாரம் மூன்று தடவை வேலை கெட்டது. தினசரி மாத்திரை முறை 2017இல்தான் பரவலாக வந்தது. ஆகாரச் செலவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று. திருமுக்கூடலில் ஒரு நாழி அரிசியை முதலிலேயே கல்லில் வெட்டிவிட்டார்கள்.