மேல்நிலைப் பாடப்பிரிவுத் தேர்வு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர், இரு மொழிப்பாடங்களுடன் அடுத்த ஈராண்டும் பயில வேண்டிய நான்கு முதன்மைப் பாடங்களின் தொகுதியைத் தெரிவுசெய்வது பாடப்பிரிவுத் தேர்வு எனப்படும். பேச்சு வழக்கில் இது ‘குரூப் எடுத்தல்’ ஆகும். 1978இல் கல்லூரிப் புகுமுக வகுப்புக்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கப்பட்டது முதல், இம்முடிவு பள்ளியிலேயே, ஏறத்தாழப் பதினைந்து வயதில் எடுக்கப்படுகிறது.

பிரிவுகள்

கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தது முதற்பிரிவு என அறியப்படுகிறது. கணிதம் நீங்கிய அறிவியல் பிரிவு, வணிகவியலும் கணக்குப்பதிவியலும் அடங்கிய பிரிவு, கலைப் பிரிவு, செய்முறைப் பயிற்சிக்கு முதன்மை தரும் தொழிற்கல்விப் பிரிவு ஆகியன பிற.

சேர்க்கை விதிகள்

தேர்வை வலுவாகத் தீர்மானிப்பது உயர்கல்விச் சேர்க்கை விதியே. மாநில நுழைவுத்தேர்வு 2007இல் நீக்கப்பட்டபின், பொறியியல் கலந்தாய்வு முழுவதும் ‘கட்-ஆஃப்’ எனப்படும் தகுதி மதிப்பெண்ணைச் சார்ந்தது. 200க்குக் கணக்கிடப்படும் இதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 ஒதுக்கப்படுகின்றன. மருத்துவச் சேர்க்கை 2017 முதல் ‘நீட்’ எனும் தேசிய நுழைவுத்தேர்வின்படி நடைபெறுவதால், உயிரியல் பயின்றிருப்பது தகுதியாக நீடித்தாலும் தரவரிசையில் பள்ளி மதிப்பெண் இடம்பெறுவதில்லை. பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழிவிடுவதால் உயிரியலுடன் கூடிய முதற்பிரிவைப் பெற்றோர் விரும்புகின்றனர். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அளிக்கப்பட்ட 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு அவர்களிடையேயும் இவ்விருப்பத்துக்கு இடமளிக்கிறது.

பள்ளியும் வட்டாரமும்

ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி முதுகலை ஆசிரியர்களும், அறிவியலுக்கு ஆய்வகமும் தேவைப்படுவதால், சிறு பள்ளிகளில் எல்லாப் பிரிவுகளும் அமைவதில்லை; விரும்பிய பிரிவு அருகில் இல்லாதபோது பேருந்து வசதியும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குப் பயணத் தொலைவும் முடிவை மாற்றுகின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண், உடன்பிறந்தோர் படிப்பு, நண்பர்களின் தெரிவு, கணிதத்தைப் பற்றிய அச்சம் ஆகியனவும் சேர்கின்றன.

வட்டாரத் தொழில்களும் தேர்வில் பங்கு கொள்கின்றன. எடுத்துக்காட்டாக, கோவை–பாலக்காடு சாலையிலுள்ள மதுக்கரை, சுண்ணாம்புக்கல்லையும் சிமெண்டு ஆலையையும் சார்ந்து வளர்ந்த ஊர். அருகிலுள்ள குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையும், கோவை வட்டாரத்தின் வார்ப்படச் சாலைகளும் பம்புசெட்டுப் பட்டறைகளும், எட்டிமடையில் 1994இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியும் இயந்திரம் சார்ந்த பிழைப்பை மாணவர் கண்முன் நிறுத்துகின்றன. பட்டறைத் தொழிலில் கைவினையோடு கணக்கு வழக்கும் தேவைப்படுவதால் வணிகவியலுக்கும் இங்குப் பயனுண்டு.

விளைவு

முதற்பிரிவு பயின்றவர் பல கல்லூரிகளில் கலை, வணிகப் பட்டப்படிப்புகளில் சேர இயலும். வணிகவியல் பயின்றவர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ திரும்புவது அரிது. இந்த ஒருவழித் தன்மையால், நாட்டம் இன்னும் தெளிவுறாத மாணவருக்கு முதற்பிரிவு ஒரு காப்பாகக் கொள்ளப்படுகிறது; எனவே அதில் சேரும் அனைவரையும் அறிவியல் ஆர்வலராகக் கருத இயலாது.