எல்க் இல்லாத நாட்டில் எல்க் வேட்டை

நுவரெலியாவுக்குப் பக்கத்துல 'எல்க் பிளெய்ன்ஸ்' என்று ஓர் இடம் இருக்கு. ஆனா இலங்கையில் எல்க் கிடையாது. நம்ம மரையைத்தான் துரைமார் அப்படி அழைத்தார்கள்.

1840களின் இறுதியில் அங்கே குடியேறிய சாமுவேல் பேக்கரும் அதே பிழையான பெயரைத்தான் எழுதினார். ஆனால் மிருகத்தின் பழக்கத்தைச் சரியாகப் படித்தார். இரவில் புல்வெளியில் மேயும் மரை, விடிந்ததும் அடர்காட்டுக்குள் போயிடும். அங்கே துப்பாக்கி அவ்வளவாக உதவாது. துரத்தினால் ஆற்றில் இறங்கி நாய்களை எதிர்த்து நிற்கும். அதனால் அவர் நாய்க்கூட்டத்தோடும் கத்தியோடும் போனார். இங்கிலாந்து நரிவேட்டை நாய்கள் மட்டும் இந்தக் காட்டுக்குப் போதவில்லை. கலப்பின நாய்களையும் வளர்த்தார்.

கில்பக், ஸ்மட் என்று அந்த நாய்களின் பெயர்கூட அவர் புத்தகத்தில் இருக்கு. அதே காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். அவங்க பெயரை யார் எழுதினாங்க?

பேராதனையில் படிக்கிற நாங்கள் துரைமார் எழுதியதைத்தான் அதிகம் வாசிக்கிறோம். வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த பெயர்களையாவது இப்போதே கேட்டு எழுதி வைப்போம்.