ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்

குடிப்பழக்கத்திலிருந்து மீள விழைவோர் ஒருவர்க்கொருவர் துணையாய்க் கூடும் சங்கம் இது, ஏ.ஏ. என்னும் சுருக்கப் பெயரால் பெரிதும் வழங்குகிறது. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தோன்றி, ஏறத்தாழ 180 தேசங்களில் பரவியுள்ளது. குடியை நிறுத்த வேண்டுமென்னும் விருப்பம் ஒன்றே அங்கத்தினராவதற்கு யோக்கியதை. சந்தா இல்லை, ஜாதி மத விசாரணை இல்லை, முழுப்பெயரைக் கூறவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை.

சங்கத்தின் பிறப்பே ஒரு தேடலின் விளைவுதான். நியூயார்க்கில் பங்கு வியாபாரத் துறையில் முன்னேறி, பின்பு குடியால் யாவற்றையும் இழந்த வில்லியம் வில்சன், 1934 டிசம்பரில் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டவர். அதன்பின் ஐந்து மாத காலம் பிற குடிகாரர்களைத் தேடிச் சென்று உபதேசித்தும் அவர்களுள் ஒருவரும் திருந்தினாரில்லை. பக்தி விஷயத்தை ஒத்திவைத்து, குடி ஒரு வியாதி என்பதை முதலில் எடுத்துரைக்கும்படி வைத்தியர் சில்க்வொர்த் அவருக்குப் புத்தி கூறியிருந்தார். 1935 மே மாதத்தில், ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் விவகாரமாக ஆக்ரனுக்கு வந்து, அது தோல்வியுற, மனம் சோர்ந்து மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றபோது, ஒருபுறம் மதுச்சாலையின் ஆரவாரமும் மறுபுறம் தொலைபேசியும் மாதாகோயில்களின் பெயர்ப்பட்டியலும் அவரை அழைத்தன. தம்மைக் காத்துக்கொள்வதற்கே இன்னொரு குடிகாரருடன் பேசியாக வேண்டும் என்று உணர்ந்த அவர், பட்டியலிற் கண்ட பாதிரியார் ஒருவரை விசாரித்து, அவர் வழியாக வேறு பலரையும் விசாரித்து, முடிவில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்னும் மாதரசியின் முயற்சியால் டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருப்பதற்கில்லை என்று சொல்லி வந்த டாக்டர், பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அறிவுரைகளை அவர் முன்பே வேண்டிய மட்டும் கேட்டவர். தம் சொந்த க்ஷேமத்துக்காகத் தம்மிடம் பேச வந்த குடிகாரர் ஒருவரை அன்றுதான் கண்டார். இடையில் ஒருமுறை சறுக்கி, அறுவைக்குக் கைநடுக்கம் நிற்கும்பொருட்டு வில்சன் கொடுத்த பீரே அவர் கடைசியாக அருந்திய மது என்பர். அந்நாளாகிய 1935 ஜூன் 10 சங்கத்தின் ஸ்தாபன தினமாகக் கொள்ளப்படுகிறது.

சங்கத்தின் பெயரையே தாங்கிய நூல் 1939 இல் வெளிவந்தது. பன்னிரு படிகள் எனப்படும் நியமங்கள் அதில் உள்ளன. ஊரறியச் செய்ததோ, 1941 மார்ச் 1 இல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் ஜாக் அலெக்ஸாண்டர் எழுதிய கட்டுரை. சுமார் 2,000 ஆக இருந்த அங்கத்தினர் தொகை அவ்வாண்டு முடிவதற்குள் 8,000 ஆயிற்று. உதவி வேண்டி வந்து குவிந்த கடிதங்களின் விலாசங்களை நியூயார்க் அலுவலகத்தார், ஊர் ஊராய்ச் செல்லும் விற்பனைப் பிரதிநிதிகளான அங்கத்தினர் கையில் கொடுத்தனுப்பினர்.

கூட்டத்தில் பேசுவோர் முதற்பெயர் சொல்லி, தாம் குடிநோயாளி என்று அறிவித்து, பட்டதையும் மீண்டதையும் கூறுவர், ஏனையோர் தர்க்கிப்பதில்லை. "இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதே அங்கு கேட்கும் சங்கற்பம். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உடையோருக்கே உரியது. திறந்த கூட்டத்துக்கு உறவினரும் வரலாம். செலவுக்கு அங்கத்தினர் தாமே காசு இடுவர். வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை. படிகளில் கடவுள் பெயர் வருவது பகுத்தறிவாளர்க்கு உறுத்துகிறது. அது நியாயமான ஆட்சேபமே. அத்தகையோர்க்கென 1994 இல் தோன்றிய ஸ்மார்ட் ரிகவரி போன்ற அமைப்புகளும் உள்ளன.

இந்தியாவில் சங்கம் 1957 இல் பம்பாயில் வேரூன்றியது. சங்கம் சொத்துச் சேர்ப்பதில்லையாதலால், தமிழகத்தில் கூட்டங்கள் பெரும்பாலும் மாலை வேளைகளில் பள்ளி வகுப்பறைகளிலும் மாதாகோயில் வளாகங்களிலும் நடைபெறுகின்றன. பெயர்ப்பலகையைத் தேடி வீதிகளில் அலைவது வீண். மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மறுவாழ்வு மையங்களிலும் விசாரிப்பதே உத்தமம். சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980 இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சிகிச்சையில் முன்னோடி. 14446 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். முதலில் விசாரிப்பவர் பெரும்பாலும் மனைவியோ தாயோதான். அவர்களுக்கென வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் 1951 இல் அமைத்த அல்-அனான் குழுக்கள் தனியே கூடுகின்றன.

கூட்டம் வைத்தியத்துக்கு மாற்றாகாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம்; ஆகையால் முதற்சில நாட்கள் வைத்தியரின் மேற்பார்வை அவசியம். சங்கத்தின் பயனைப் பற்றி நெடுநாள் நிலவிய ஐயத்துக்கு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உட்படுத்திய 2020 ஆம் ஆண்டு காக்ரேன் பரிசீலனை ஓரளவு விடை தந்தது: சங்கத்தின் வழியில் சேர்ப்பிக்கும் முறைப்படுத்திய சிகிச்சை, குடியை அறவே தவிர்க்கச் செய்வதில் ஏனைய மனோதத்துவச் சிகிச்சைகளைவிட மேம்பட்டிருந்தது.

ஒவ்வொரு குழுவும் சுயாதீனமானது. பேசும் மொழியும் கூடுவோரின் வயதும் இடத்துக்கு இடம் மாறும். ஆடவர் நிறைந்த அறையில் பெண்ணொருத்தி வாய் திறக்கத் தயங்குவது இயல்பாதலால், பெண்களுக்கெனத் தனிக்கூட்டம் உண்டா என்று முன்னரே கேட்டறிவது நலம். ஒரு குழு ஒவ்வாதாயின் மற்றொன்றை நாடுவதற்கு எவருடைய அநுமதியும் வேண்டுவதில்லை.