நியூயார்க் வழக்கறிஞர் சங்கமும் ட்வீட் வழக்கின் ஜூரியும்

வழக்கறிஞர் சங்கங்கள் பலவும் நூலகத்துக்காகவோ, உட்கார ஓர் அறைக்காகவோ, தொழில் உரிமைக்காகவோ தொடங்கப்பட்டவை. நியூயார்க் நகர வழக்கறிஞர் சங்கம் வேறொரு காரணத்தால் பிறந்தது. தாங்கள் தினமும் நின்று வாதாடும் நீதிமன்றங்களையே நம்ப முடியாமல் போனதால்தான் அந்நகர வழக்கறிஞர்கள் ஒன்றுகூடினார்கள். 1869 டிசம்பரில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஓர் அழைப்பில் கையெழுத்திட்டார்கள். 1870 பிப்ரவரி 1 அன்று கூட்டம் நடந்தது. வில்லியம் எவார்ட்ஸ் முதல் தலைவரானார். நகரின் ஊழல் கும்பல்களை எதிர்த்து வழக்காடிய டார்மன் ஈட்டன் அந்த நாட்களில்தான் இரவில் வீடு திரும்பும் வழியில் அடியாட்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காக வாதாடியதற்குக் கிடைத்த கூலி அது என்றே கருதப்பட்டது. சங்கத்தின் தொடக்க ஆண்டுகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அப்போது நகரம் வில்லியம் ட்வீட்டின் கையில் இருந்தது. அவர் டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைவர், மாநில செனட்டர், நகரப் பொதுப்பணித் துறையின் பொறுப்பாளர். சேம்பர்ஸ் தெருவில் கட்டப்பட்ட மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்கு முதலில் ஒதுக்கிய தொகை இரண்டரை லட்சம் டாலர். செலவு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் அளவுக்குப் போனது. ஒப்பந்தக்காரர்கள் பல மடங்கு ஏற்றிப் பில் போட்டார்கள். அதிகப்படியான பணம் மேயர் அலுவலகம் வரை பங்கு பிரிந்தது. 1871 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கணக்குகளை அச்சிட்டது. ஹார்ப்பர்ஸ் வீக்லியில் தாமஸ் நாஸ்ட் வாராவாரம் கேலிச்சித்திரம் வரைந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த நவம்பரில் ட்வீட் மீண்டும் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வாக்களித்த அதே மக்களிடமிருந்துதான் ஜூரர்களும் வருவார்கள் என்பதால், அந்தத் தேர்தல் முடிவுக்குள்தான் ஜூரியின் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை மறைந்துவிட்டதால் இளம் வழக்கறிஞர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு சாதாரணக் குடிமக்கள் சாட்சியம் கேட்டு, ஒருமித்து முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் தீர்ப்பு இல்லை. விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை, ஜூரி கலைக்கப்படும். ஆகவே அதிகாரமுள்ள குற்றவாளி பன்னிரண்டு பேரையும் வளைக்க வேண்டியதில்லை. ஒருவர் போதும். அவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமும் எப்போதும் இருக்காது. ஜூரராக அமர்பவரின் தம்பிக்கு நகராட்சியில் வேலை வாங்கிக் கொடுத்தது டாமனியாக இருக்கலாம். குளிர்காலத்தில் அவர் தெருவுக்கு நிலக்கரி வந்து சேர்ந்தது ட்வீட்டின் ஆட்கள் மூலமாக இருக்கலாம். அவர் கடையின் உரிமம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படுமா என்பதும் அவர்கள் கையில்தான். நன்றியும் பயமும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் லஞ்சம் கைமாறியதற்குத் தடயம் தேடினால் எதுவும் கிடைக்காது. சட்டம் இன்றும் திணறுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

சங்கம் ஜூரியில் கை வைக்கவில்லை, முதலில் நீதிபதிகளைப் பார்த்தது. அந்த வரிசைதான் அதன் பெரிய சாதனை. ஜார்ஜ் பர்னார்ட், ஆல்பர்ட் கார்டோசோ, ஜான் மெக்கன் ஆகிய மூவரும் டாமனியின் தயவில் இருந்த நீதிபதிகள். வேண்டியவர்களுக்கு வேண்டிய நேரத்தில் தடையாணை கொடுத்தவர்கள். தினம் தங்கள் வழக்குகளைக் கேட்கும் நீதிபதிகள் மேல் ஆதாரம் திரட்டி, 1872இல் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சங்கத்தார் புகார் வைத்தார்கள். கார்டோசோ பதவி விலகினார். மெக்கன் நீக்கப்பட்டார். பர்னார்ட் பதவிநீக்க விசாரணை நடத்தப்பட்டுப் பதவி இழந்தார். அந்தக் கார்டோசோவின் மகன் பெஞ்சமின் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, தந்தை இழந்த பெயரை மீட்டார். 1872இல்தான் நோவா டேவிஸ் மாநில நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ட்வீட்டை விசாரித்தவர் அவர்தான்.

முதல் விசாரணை 1873 ஜனவரியில் நடந்தது. அரசுத் தரப்பில் வீலர் பெக்காம், லைமன் டிரமெய்ன். எதிர்த்தரப்பில் டேவிட் டட்லி ஃபீல்ட், ஜான் கிரஹாம் போன்ற பெருந்தலைகள். பிராட்வே வங்கிக் கணக்குகளை வரி வரியாக ஆராய்ந்து, பணம் யார் யாருக்குப் போனது என்று வழக்கறிஞர் சாமுவேல் டில்டன் காட்டியிருந்தார். பூச்சு வேலை ஒப்பந்தக்காரர் ஆண்ட்ரூ கார்வி கூண்டேறி நடந்ததைச் சொன்னார். ஆவணமும் இருந்தது, உடந்தையாளரின் வாக்குமூலமும் இருந்தது. ஆனால் ஜனவரி 31 அன்று, எங்களால் ஒத்துப்போக முடியவில்லை என்று ஜூரர்கள் சொல்லிவிட்டார்கள். ஜூரி விலைபோனது என்பதே நகரத்தின் பேச்சு. முன்னாள் மேயர் ஓக்கி ஹாலின் கதையும் ஏறக்குறைய இதுதான். முதல் விசாரணை ஒரு ஜூரர் இறந்ததால் நின்றது, இரண்டாவதில் ஜூரி பிளந்தது, மூன்றாவதில் அவர் விடுதலையானார்.

அதே 1873 நவம்பரில் ட்வீட் மீதான இரண்டாவது விசாரணைக்குப் பெக்காம் மறுபடி வந்தபோது சட்டம் மாறியிருக்கவில்லை, ஆதாரமும் பெரிதாக மாறவில்லை. மாறியது ஜூரியைச் சுற்றியிருந்த காவல்தான். ஒவ்வொரு ஜூரருக்கும் பின்னால் சாதாரண உடையில் ஒரு காவலர், அந்தக் காவலரைக் கவனிக்க இன்னொருவர், இருவர் மேலும் கண் வைக்கத் தனியார் துப்பறிவாளர் என்று அந்த வழக்கின் வரலாறுகள் சொல்கின்றன. காவல்துறையும் டாமனியின் பிடியில் இருந்த நகரத்தில் காவலருக்கே காவல் தேவைப்பட்டது. நவம்பர் 19 அன்று 220 குற்றச்சாட்டுகளில் 204இல் ட்வீட் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 12 ஆண்டுச் சிறையும் 12,750 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் காலத்தில் செலவு கொழுத்த அதே நீதிமன்றக் கட்டடத்தில், இன்னும் வேலை முடியாத ஓர் அறையில் இந்த விசாரணை நடந்தது.

அந்த 12 ஆண்டு நிற்கவில்லை. ஒரே விசாரணையில் தண்டனைகளை அடுக்கியது செல்லாது என்று 1875இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, ஓராண்டாகக் குறைத்தது. ட்வீட்டை வெறுத்தவர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் மதிப்பு உண்டு. எவ்வளவு பெரிய திருடனானாலும் சட்டம் அனுமதிக்கும் தண்டனைதான் அவனுக்கும் உரியது. பிறகு உரிமையியல் வழக்கில் ஜாமீன் கட்ட முடியாமல் மீண்டும் சிறை, தப்பியோட்டம், ஸ்பெயினில் பிடிபடல் என்று போய், 1878 ஏப்ரலில் லட்லோ தெருச் சிறையிலேயே அவர் இறந்தார்.

இரண்டாவது விசாரணையில் இன்னொன்றும் நடந்தது. நீதிபதி டேவிஸ் ஒருதலைச் சார்புடையவர், விலக வேண்டும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். தண்டனை விதித்து முடிந்ததும் டேவிஸ் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு மூத்தவர்களுக்கு அபராதம் போட்டார், இளையவர்களைக் கண்டித்து விட்டார். அந்த இளையவர்களில் ஒருவர் எலிஹூ ரூட். பின்னாளில் நாட்டின் வெளியுறவுச் செயலர், அமைதி நோபல் பெற்றவர், இதே சங்கத்தின் தலைவர். ஊழல்வாதிக்காக வாதாடியவர் என்பது சங்கத்தில் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இருந்திருக்கவும் கூடாது. அரசுக்காக வாதாடிய பெக்காமும் தலைவரானார். 1894இல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, தேர்தல் முறைகேடு பற்றிய சங்க விசாரணையில் அவர் பங்கு கொண்டதைப் பொறுக்காத செனட்டர் டேவிட் ஹில் முன்னின்று அதைத் தோற்கடித்தார். ஜூரியைக் காத்ததற்கும் நீதிபதிகளைத் தட்டிக் கேட்டதற்கும் வழக்கறிஞர்கள் தங்கள் கையிலிருந்து விலை கொடுத்தார்கள்.

சங்கத்தின் குறையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அது வசதி படைத்த வெள்ளை ஆண்களின் சங்கம். ஐரிஷ் குடியேறிகளுக்கு டாமனி சோறும் வேலையும் கொடுத்தபோது இவர்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் உறுப்பினராக 1937 வரை காத்திருந்தார்கள்.

ஜூரியைக் காக்கும் வேலை ட்வீட் வழக்குக்குப் பிறகும் அந்த நகரத்தை விடவில்லை. 1977இல் நிக்கி பார்ன்ஸ் என்ற போதைப்பொருள் தலைவரின் வழக்கில் ஜூரர்களின் பெயர், முகவரி இரண்டும் இருதரப்புக்கும் சொல்லப்படாமலே விசாரணை நடந்தது. 2024இல், அப்போது முன்னாள் அதிபராக இருந்த டொனால்ட் டிரம்ப் மீதான வழக்கு, ட்வீட் விசாரிக்கப்பட்ட அந்தக் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள சென்டர் தெரு நீதிமன்றத்தில் நடந்தது. தேர்வான ஒரு ஜூரர், பத்திரிகையில் வந்த விவரங்களை வைத்து நண்பர்கள் தன்னை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று சொல்ல, அவர் விடுவிக்கப்பட்டார். ஜூரர்களின் வேலையிடத்தைச் செய்தியில் எழுத வேண்டாம் என்று நீதிபதி ஹுவான் மெர்ச்சன் சொன்னார். ஜூரியைப் பற்றி வெளியில் பேசியதற்கும் சேர்த்து டிரம்ப்புக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மே 30 அன்று 34 குற்றச்சாட்டுகளிலும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அவர் மறுத்து மேல்முறையீடு செய்திருக்கிறார்.

அந்த வழக்கில் மெர்ச்சன் முன்கூட்டியே போட்ட உத்தரவை வழக்கறிஞர்கள் ஒரு முறை படிக்க வேண்டும். ஜூரர்களின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது, வழக்கின் தரப்பினருக்குத் தெரியும். முகவரியோ குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தெரியக் கூடாது. இருதரப்பு வழக்கறிஞர்கள் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.