சீனிக்காரர் என்று ஒரு மனிதர் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி, பிரஷர், கிட்னி என்று நாட்பட்ட வருத்தத்தோடு ஒருவர் இருந்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வாப்பா தையல்காரர். சீனி வருத்தம் முற்றிக் கால் பெருவிரலை எடுத்தார்கள். காயம் ஆறிவிட்டது, வாப்பாதான் ஆறவில்லை. கடைக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பேத்தி பேசினாலும் "ம்" மட்டும்தான். பார்க்க வருபவர்களிடம் நாங்களும் "அவர் சீனிக்காரர், அப்படித்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கலாசாலையில் உளவளத்துணைப் பாடத்தில் கேள்விப்பட்ட கதைவழிச் சிகிச்சை அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேடி வாசித்தோம்.

நோயின் பெயரால் மனிதரை அழைக்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ 1963இல் மருத்துவமனையின் வரலாற்றை எழுதினார். முன்பு வைத்தியர் நோயாளியிடம் "உமக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கேள்வி "எங்கே வலிக்கிறது?" என்று மாறியது என்கிறார் அவர். அந்த மாற்றத்தால் மருத்துவம் பெரிதாக வளர்ந்தது. ஆனால் நோயைத் தேடிய பார்வைக்கு மனிதர் பின்னால் போய்விட்டார்.

ஃபூக்கோவை ஊன்றிப் படித்தவர்களில் ஒருவர் மைக்கல் வைட். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் சிறுவர் மருத்துவமனையில் வேலை செய்த சமூகப் பணியாளர். மலத்தை அடக்க முடியாமல் ஏச்சு வாங்கிய சிறுவர்களோடு அவர் செய்த வேலை பற்றி 1984இல் எழுதினார். அந்தப் பிரச்சினைக்கு ஒரு குறும்புப் பெயர் வைத்து, அதைப் பிள்ளைக்கு வெளியே நிற்கும் எதிரியாக்கினார். அதுவரை பிள்ளையோடு சண்டை பிடித்த குடும்பம், பிள்ளையோடு சேர்ந்து எதிரியோடு சண்டை பிடித்தது. வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் சேர்ந்து 1990இல் வெளியிட்ட நூலால் இந்த முறை உலகம் முழுக்கத் தெரியவந்தது. எப்ஸ்டன் இன்னொன்றும் செய்தார். பேசி முடிந்த பிறகு, அந்த மனிதர் செய்துகாட்டியதைக் கடிதமாக எழுதி அவருக்கே அனுப்பினார். மருத்துவக் கோப்பில் இருப்பது நோயின் கதை. கடிதத்தில் இருந்தது மனிதரின் கதை.

பிள்ளைகளோடு தொடங்கிய இந்த முறை, கடும் உடல் நோயோடு வாழும் பெரியவர்களிடமும் போனது. 1990களில் ஆபிரிக்காவின் மலாவியில் எய்ட்ஸ் கிராமம் கிராமமாக ஆட்களைக் கொண்டுபோனது. வெட்கத்தால் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே ஆலோசகர்கள் ஒரு நாடகம் போல் செய்தார்கள். ஒருவர் எய்ட்ஸாக நடித்தார், இன்னொருவர் பராமரிப்பாக நடித்தார். ஊர் மக்கள் எய்ட்ஸிடமே கேள்வி கேட்டார்கள்: உன் திட்டம் என்ன? எதைக் கண்டால் நீ பலவீனமாகிறாய்? நோய் வேறு, நோய் வந்தவர் வேறு என்றானதும் மௌனம் உடைந்தது.

இது மருந்துக்குப் பதில் இல்லை. பேச்சால் சீனி இறங்காது, போன விரலும் வராது. ஆனால் மனச்சோர்வு பிடித்தவர் மருந்தையும் விடுவார், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் விடுவார். அதனால் உடலுக்கும் மனதுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும். வாப்பாவையும் மனநல டொக்டரிடம் காட்டினோம், மருந்தும் தந்தார்.

ஒரு நாள் பின்னேரம் பிளேன்டீயோடு பக்கத்தில் இருந்து கேட்டோம்: "வாப்பா, இந்தச் சீனி உங்களிட்ட இருந்து என்னெல்லாம் எடுத்த? எடுக்க ஏலாமப் போனது என்ன?"

கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மெஷின் மிதிக்கத்தான் பயமா இரிக்கி. துணி வெட்டக் கால் தேவல்ல தானே."

அடுத்த கிழமை பேத்தியின் ஸ்கூல் யூனிஃபோமை வாப்பாதான் வெட்டினார். தைத்தது வேறு ஆள். இன்றும் சில நாட்கள் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் அவரைச் சீனிக்காரர் என்பதில்லை. அவர் சீனி வந்த தையல்காரர்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இன்று அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இனி வாழ்ந்து என்ன" என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். டொக்டரிடம் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.